ஒற்றை ஆளாக நாரோபோட்: இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு பகல்

நம் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயும் நெல்லைக் கால்வாயும் வயலுக்காக வெட்டியவை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்துக் கால்வாய்கள் நிலக்கரியும் சரக்கும் ஏற்றிப்போக வெட்டியவை. பெரும்பாலும் தண்ணீர் அசையாது. மேடு பள்ளம் வரும் இடத்தில் லாக் என்ற, இரு முனையிலும் கதவுள்ள தொட்டிக்குள் படகை விட்டு, ஷட்டரைத் திருகித் திறந்து தண்ணீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்குவார்கள். நம் மடை ஷட்டரைத் திருகித் தூக்கியவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

மகனையோ மகளையோ பார்க்கப் போன இடத்தில் நாரோபோட் என்ற ஒடுங்கிய, நீளமான இன்ஜின் படகை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், ஒற்றை ஆளுக்குக் கொடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பல கம்பெனிகள் கொடுக்காது. படகின் அகலம் 6 அடி 10 அங்குலம்தான், ஆனால் நீளம் 70 அடி வரை போகும். தனியாள் 45 அடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முதல் நாளுக்கு ஆஷ்பி கால்வாய் நல்லது: 22 மைலுக்கு லாக்கே கிடையாது. தெற்கு ஆக்ஸ்போர்டு கால்வாயின் தூக்குப்பாலங்களில் பலவற்றை, கால்வாய் ஓர நடைபாதைக்கு எதிர்க்கரையிலிருந்துதான் இயக்க வேண்டும். படகை இந்தக் கரையில் கட்டிவிட்டு அந்தக் கரைக்கு எப்படிப் போவது? தனியாளுக்கு அது தலைவலி.

தூரத்தைக் கணக்குப் போடும்போது ஒரு மைலையும் ஒரு லாக்கையும் சமமாக எண்ணி, மணிக்கு இரண்டு என்று வையுங்கள். எட்டு மைலும் ஆறு லாக்கும் என்றால் ஏழு மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் சாயங்காலம் களைப்பில்தான் கைகால் சிக்கும்.

காலையில் இன்ஜின் ஆயிலும் கூலன்டும் பாருங்கள். சுக்கான் கம்பை இடதுபக்கம் தள்ளினால் படகு வலதுபக்கம் திரும்பும். அதிகபட்ச வேகம் மணிக்கு 4 மைல். உங்கள் அலை கரையில் உடைந்தால் அதுவே அதிகம். கட்டிக் கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது இன்னும் குறையுங்கள். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், ஆனால் ரொம்ப முன்னதாகவே ஒதுங்காதீர்கள்; ஓரத்தில் சேறு, தரைதட்டும். தட்டினால் முன்னால் முறுக்காமல், வந்த வழியே ரிவர்ஸ் எடுங்கள். ரிவர்ஸில் சுக்கான் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தனியாளுக்கு உயிர்நாடி கூரையின் நடுவில் கட்டிய கயிறு. நுனி சுக்கான் பக்கத்திலேயே கைக்கு எட்ட இருக்க வேண்டும். கரை சேரும்போது அதைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், குதிக்காதீர்கள். முன் கயிற்றை மட்டும் பிடித்தால் பின்பக்கம் கால்வாயின் குறுக்கே போய்விடும்.

லாக்கில் இறங்குவதுதான் ஆபத்து. மேல் கதவுக்குக் கீழே, தண்ணீருக்குள் கல்லாலோ கான்கிரீட்டாலோ ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடியும்போது பின்பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் சாய்ந்து படகு மூழ்கும். அந்தப் படி எதுவரை என்று லாக் ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். பின்பக்கம் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். நடுக்கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்று மட்டும் சுற்றி, நுனியைக் கையில் வைத்துத் தளர்த்திக்கொண்டே இருங்கள். முடிச்சுப் போட்டால் படகு கயிற்றிலேயே தொங்கும். எங்காவது சிக்குவது போலத் தெரிந்தால் முதலில் கீழ் ஷட்டர்களை மூடுங்கள், பிறகு மேல் ஷட்டரைத் திறந்து தண்ணீரை ஏற்றுங்கள்.

ஏறும்போது காலி லாக்கிற்குள் போய், நடுக்கயிற்றோடு ஏணியில் ஏறுங்கள். பாசி வழுக்கும், ஷட்டரைத் திருகும் கைப்பிடியை இடுப்பு பெல்ட்டில் செருகினால் இரண்டு கையும் ஏணிக்குக் கிடைக்கும். கீழ்க்கதவை மூடியபின், மேல்முனையில் தரைக்கு அடியில் தண்ணீர் விடும் ஷட்டரைப் பாதி மட்டும் திறங்கள். படகு ஒரு முறை முன்னும் பின்னும் ஆடி அடங்கியதும் மீதி. மேல் கதவிலேயே இருக்கும் ஷட்டரை, அதன் ஓட்டை தண்ணீருக்குள் முங்கிய பிறகே தொடுங்கள். அவசரப்பட்டால் தண்ணீர் நேராகப் படகின் முன்பக்கத்தில் கொட்டும். திருகி முடித்ததும் கைப்பிடியை உடனே கழற்றுங்கள். அதை மாட்டியே விட்டு, பல்லைத் தாங்கும் கொக்கி நழுவினால் சுழன்று கையை முறித்துவிடும். கைப்பிடி தண்ணீருக்குள் விழுவது சகஜம், ஆகவே இரண்டு வேண்டும்.

திடீரென வேகம் குறைந்து இன்ஜின் திணறினால் புரொப்பெல்லரில் துணியோ கயிறோ சுற்றியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டபின் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள பின்பக்க மூடியைத் திறந்து கத்தியால் அறுங்கள். மூடியைத் திரும்ப இறுக்கமாகப் பூட்டாமல் இன்ஜினைப் போட்டால் அந்த வழியாகவே தண்ணீர் ஏறும்.

தாமிரபரணியின் குறுக்குத்துறையில் நீந்திப் பழகியவராக இருக்கலாம். இங்கிலாந்தில் தண்ணீரின் குளிர் மூச்சை அடைக்கும். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், போனை நீர்புகாப் பையில் போட்டு உடம்போடு வையுங்கள். விழுந்தால் முதலில் காலை ஊன்றிப் பாருங்கள். பல இடங்களில் இடுப்பளவு, மார்பளவுதான். புரொப்பெல்லரை விட்டு விலகி நில்லுங்கள்.

ஓட்டிக்கொண்டே அடுப்பைப் பார்க்க முடியாது. கட்டுச்சோறும் பிளாஸ்கில் காபியும் சுக்கான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இருட்டுமுன் நடைபாதைப் பக்கம் இரும்பு முளை இரண்டு அடித்து, முன்னும் பின்னும் கட்டுங்கள். நடுக்கயிற்றில் இறுக்கினால் போகிற படகின் அலையில் உங்கள் படகு சாய்ந்தாடும். புரொப்பெல்லர் தண்டில் கிரீஸ் டப்பா இருந்தால், இன்ஜினை அணைத்தபின் அதை இறுகும்வரை திருகுங்கள். இரவு 8 முதல் காலை 8 வரை கட்டிய இடத்தில் இன்ஜின் ஓடக்கூடாது.