பிடித்த ராப்பர் திடீரென்று ஜாஸ் பக்கம் போனால்: ஆல்பத்தை எப்படிக் கேட்பது, கேட்டவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

பிடித்த ராப்பர் புது ஆல்பம் போடுகிறார், ராத்திரி கண்விழித்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள், பார்த்தால் முதல் பாட்டில் பழைய ஃபங்க் (தாளமும் பேஸும் முன்னால் நிற்கும் கறுப்பின நடன இசை), அடுத்ததில் தலைதெறிக்க ஓடும் ஜாஸ் பியானோ, நடுநடுவே ஒரு கவிதை. பொழுது விடிவதற்குள் ஒரு கூட்டம் ‘காலத்துக்கும் நிற்கும் படைப்பு’ என்கிறது, இன்னொரு கூட்டம் ‘கார்ல போட ஒரு பாட்டாவது இருக்கா?’ என்று கேட்கிறது. இந்த இரைச்சலுக்கு நடுவில் உங்களுக்கென்று ஒரு கருத்து உருவாக என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’யை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுக்கும் ஆல்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அன்றைய நிலவரம். 2012 அக்டோபரில் வந்த அவருடைய முந்தைய ஆல்பம் ‘குட் கிட், மேட் சிட்டி’, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலுள்ள காம்ப்டனில் வளரும் ஒரு பையனின் கதையைப் படம் பார்ப்பது போலச் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டரை வருடக் காத்திருப்பு. 2015 மார்ச் 23 என்று அறிவித்திருந்த ஆல்பம் ஒரு வாரம் முன்னதாகவே, மார்ச் 15-ஆம் தேதி, வந்து விழுந்தது. 16 பாட்டு, ஏறக்குறைய 79 நிமிடம். ‘குட் கிட்’டின் இரண்டாம் பாகத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஜாஸ், ஃபங்க், சோல், மேடைப்பேச்சு, கவிதை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடைத்தது. அன்று ஏமாந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் அன்று சொன்னதில் பெரும்பகுதி ஆல்பத்தைப் பற்றியதே இல்லை. மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேறொரு ஆல்பத்தைப் பற்றியது.

அதனால் நான் சொல்லும் முதல் வேலை, கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது: இந்த ஆளிடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ‘கனமான பேஸ் வேண்டும், போன தடவை மாதிரி கதை வேண்டும், நண்பர்களோடு சேர்ந்து கத்த ஒரு ஹூக் (திரும்பத் திரும்ப வரும் வரி) வேண்டும்’, இவ்வளவு போதும். கேட்டு முடித்ததும் அந்தக் காகிதத்தைப் பாருங்கள். உங்கள் எரிச்சல் முழுக்க அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டால், ஆல்பத்தைப் பற்றி நீங்கள் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். அந்த வரிகளுக்கு வெளியே ஏதாவது உறுத்தினால் அதை விடாதீர்கள், அதுதான் உருப்படியான விமர்சனத்தின் தொடக்கம்.

முதல் தடவை கேட்கும்போது ஷஃபிளை அணைத்துவிட்டு, பாட்டைத் தாவாமல், வரிசைப்படி, ஒரே மூச்சில் கேளுங்கள். பாடல் வரிகளைத் திறந்து வைக்க வேண்டாம், புரிகிறதா இல்லையா என்ற கவலையும் வேண்டாம். இப்படித் தடம் மாறும் ஆல்பங்கள் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில்தான் விஷயத்தை வைத்திருக்கும். இந்த ஆல்பத்தில் ‘கிங் குண்டா’ முடியும் இடத்தில் கென்ட்ரிக் ஒரு கவிதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். இரண்டு பாட்டு கழித்து ‘தீஸ் வால்ஸ்’ முடிவில் அதே கவிதை மறுபடி முதலிலிருந்து வரும், இந்த முறை இன்னும் கொஞ்சம் நீளும், ஒரு ஹோட்டல் அறையில் அலறிக்கொண்டிருந்தேன் என்ற இடத்தில் வந்து நிற்கும். அடுத்த நொடி ‘யு’ என்ற பாட்டு தொடங்குகிறது, அதில் முதலில் கேட்பதே அந்த அலறல்தான். தனித்தனியாகப் பாட்டை எடுத்து பிளேலிஸ்ட்டில் போட்டுக் கேட்டவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது, பாதிப் பேர் ‘யு’வைப் பாதியில் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தடவை வரிகளோடு கேளுங்கள், ஆனால் எல்லாப் பாட்டுக்கும் வேண்டாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே காம்ப்டன் தெருப்பேச்சு சட்டென்று பிடிபடாது, நமக்கு இன்னும் கடினம். 16 பாட்டையும் உட்கார்ந்து படித்தால் பரீட்சைக்குப் படிப்பது போலாகிவிடும். முதல் தடவை கேட்டபோது உங்களை நிமிர்ந்து உட்கார வைத்தவை எவையோ அவற்றுக்கு மட்டும் போதும். என்னைக் கேட்டால் ‘யு’வை எடுக்கச் சொல்வேன். பாட்டின் நடுவில் யாரோ அறைக் கதவைத் தட்டுகிறார்கள், அறை சுத்தம் செய்ய வந்த பெண் ஸ்பானிஷ் மொழியில் கூப்பிடுகிறார், அங்கிருந்து பீட் முழுதாக மாறுகிறது, கென்ட்ரிக்கின் குரல் குடித்துவிட்டு அழும் ஒருவனின் குரலாகிறது, மதுப்புட்டி மோதும் சத்தம்கூடக் கேட்கிறது. ஊரில் செத்துப்போன நண்பனைக் கடைசியாக நேரில் போய்ப் பார்க்கவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறான். பின்னால் சாக்ஸபோன் எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. இவ்வளவும் முடிந்து, ஒரு நொடி மௌனம், அப்புறம் ‘ஆல்ரைட்’. அந்தப் பாட்டின் ஹூக்கில் ‘நாம் தப்பித்துக்கொள்வோம்’ என்ற நம்பிக்கை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்பது, ‘யு’வைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் புரியும்.

அடுத்த வேலை பலர் செய்வதே இல்லை, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: யார் வாசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பேஸ் தண்டர்கேட், சாக்ஸபோன் கமாசி வாஷிங்டன், தயாரிப்பிலும் வாசிப்பிலும் டெரஸ் மார்ட்டின், பியானோ ராபர்ட் கிளாஸ்பர். முதல் பாட்டின் தயாரிப்பில் ஃப்ளையிங் லோட்டஸ், அதே பாட்டில் குரல் கொடுப்பவர் பழைய ஃபங்க் குழுவான பார்லமென்ட்-ஃபங்கடெலிக்கின் ஜார்ஜ் கிளின்டன். இந்தப் பெயர்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ‘ராப்பர் ஏன் திடீரென்று ஃபங்க் பண்ணுகிறார்?’ என்ற கேள்வியே காணாமல் போய்விடும். 1992-இல் ராப் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே ‘தி க்ரானிக்’ ஆல்பம் மூலம் உலகம் முழுக்கக் கொண்டுபோன மேற்குக்கரை ராப், அந்த ஜி-ஃபங்க், கிளின்டனின் குழுவிடமிருந்து எடுத்த இசையின் மேல்தான் நின்றது. அன்று ட்ரேயின் நிறுவனத்தில் பாடிய காம்ப்டன் பையன் கிளின்டனையே ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தது வேறு வீட்டுக்குள் நுழைந்ததாகாது, தாத்தா வீட்டுக்குப் போனது. கமாசியும் தண்டர்கேட்டும் டெரஸ் மார்ட்டினும் லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள், ஜாஸும் ராப்பும் ஒரே தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள். அதே 2015 மே மாதம் கமாசியின் ‘தி எபிக்’ வந்தது, மூன்று மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் ஜாஸ் ஆல்பம். கென்ட்ரிக்கைக் கேட்ட காதோடு அதைக் கேட்டுப் பாருங்கள், எங்கிருந்து எது வந்தது என்று தானாகவே விளங்கும்.

இந்தத் தேடலை மற்ற ஆல்பங்களுக்கும் செய்யுங்கள். 2022 ஜூன் 17 அன்று டிரேக் ‘ஹானஸ்ட்லி, நெவர்மைண்ட்’ போட்டபோது, ராப் குறைந்து ஹவுஸ், ஜெர்சி கிளப் என்ற நடன இசை வகைகள் நிறைந்திருந்ததைப் பார்த்து, துணிக்கடையில் ஓடும் பாட்டு என்று ஏகப்பட்ட பேர் கேலி செய்தார்கள். சிகாகோவில் கறுப்பின டிஜேக்கள் வளர்த்தெடுத்ததுதான் ஹவுஸ் என்பது அந்தக் கேலியில் எங்கேயும் இல்லை. ஆல்பம் பிடிக்காமல் போகலாம், அது வேறு. ஆனால் அந்த இசையின் வீடு எது என்றே தெரியாமல் கடைப்பாட்டு என்று ஒதுக்குவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இப்போது பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதற்கு வருவோம். நான் போட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்த அந்த இசையை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? ‘யு’விலிருந்து சாக்ஸபோனை எடுத்தால் பாட்டு சரிந்துவிடும், ‘ஃபார் ஃப்ரீ?’யிலிருந்து ஜாஸை எடுத்தால் அங்கே எதுவும் மிஞ்சாது, ஏனென்றால் கென்ட்ரிக் அந்தப் பியானோவோடும் டிரம்ஸோடும் மல்லுக்கு நின்று வார்த்தைகளைக் கொட்டுகிறார், பீட்டின் மேல் உட்கார்ந்து பாடவில்லை. கான்யே வெஸ்ட்டின் ‘808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்’ (2008 நவம்பர்) இந்தச் சோதனையில் தேறும்: அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய அம்மா இறந்துபோனார், அப்புறம் நிச்சயதார்த்தமும் முறிந்தது, ஆட்டோட்யூனின் உலோகக் குரலும் ரோலண்ட் டிஆர்-808 டிரம் இயந்திரத்தின் வெற்று அடிகளும் இல்லாமல் அந்தத் துக்கத்தை அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. லில் வெய்ன் ராக் பக்கம் போன ‘ரீபர்த்’ (2010) எனக்குத் தேறவில்லை. கிடார் சட்டை மாட்டியிருக்கிறதே தவிர அவர் எழுதும் விதம் மாறவில்லை, கிடாரைக் கழற்றி வைத்தாலும் பாட்டு அப்படியேதான் இருக்கும். அவருடைய ராப்பை நான் நேசிக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்ல மனம் வருகிறது.

சரி, மற்றவர்கள் சொல்வதை எப்படிப் படிப்பது? முதல் நாள் கருத்துகளில் ‘முந்தைய ஆல்பம் மாதிரி இல்லை’ என்பதை அப்படியே தள்ளிவிடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்த தகவல். ‘மாஸ்டர்பீஸ்’ என்பதையும் அதே மாதிரி தள்ளுங்கள். 79 நிமிட ஆல்பத்தை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொன்ன புகழ்ச்சிக்கும் திட்டுக்கும் எடை ஒன்றுதான். ‘கார்ல போட முடியல’ என்பதைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள், பாட்டு நம் வாழ்க்கையில் எங்கே ஓடுகிறது என்பது முக்கியமான கேள்வி, அதைச் சொல்பவர் தன் தேவையை நேர்மையாகச் சொல்கிறார். அப்புறம் ஓர் இடத்தைக் குறிப்பிட்டுப் பேசுபவர் யார் என்று தேடுங்கள். ‘கடைசிப் பாட்டான மார்ட்டல் மேன் முடிவில் மறைந்த ராப்பர் டுபாக்கோடு பேசுவது எனக்கு நீளமாகப்பட்டது’ என்று ஒருவர் சொன்னால் அவரோடு பேசலாம், சண்டையும் போடலாம். அந்த உரையாடல் 1994-இல் ஒரு ஸ்வீடன் பத்திரிகையாளர் டுபாக்கிடம் எடுத்த பேட்டியிலிருந்து வெட்டிச் சேர்த்தது என்று நீங்கள் சொல்லலாம், அவர் மறுபடி கேட்பார், அப்போதும் நீளம் என்றே சொல்லலாம். ஆல்பத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

சிங்கிளை, அதாவது ஆல்பத்துக்கு முன்னால் தனியாக வரும் பாட்டை, வைத்து வரும் தீர்ப்புகளை இன்னும் ஜாக்கிரதையாகப் பாருங்கள். 2014 செப்டம்பரில் ‘ஐ’ வந்தபோது, ஐஸ்லி பிரதர்ஸின் பழைய பாட்டிலிருந்து எடுத்த கிடாரோடு, ‘என்னை நான் நேசிக்கிறேன்’ என்ற உற்சாகத்தோடு வந்ததால், கென்ட்ரிக் பாப் பக்கம் போய்விட்டார் என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அதே பாட்டுக்கு இரண்டு கிராமி கிடைத்தபோதும் அவர்கள் மனம் மாறியதாகத் தெரியவில்லை. ஆல்பத்தில் வந்த ‘ஐ’ வேறு பதிவு: மேடையில் பாடுவது போல ஆரம்பித்து, கூட்டத்தில் சண்டை வெடித்ததும் பாட்டு நடுவிலேயே நின்று, கென்ட்ரிக் அவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார். பதினைந்தாவது பாட்டாக, ‘யு’வையும் ‘தி பிளாக்கர் த பெர்ரி’யையும் தாண்டி அது வரும்போது, அந்த உற்சாகம் கெஞ்சலாகக் கேட்கிறது. ஆறு மாதம் முன்னால் சுளித்த முகங்கள் பல அங்கேதான் மாறின.

பிறகு காத்திருங்கள். சில பாட்டுகளுக்கு அர்த்தம் வெளியில் இருந்துதான் வந்து சேரும். 2015 ஜூலையில் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின உரிமைப் போராட்டக்காரர்களின் மாநாடு முடிந்த நேரம், போலீஸோடு மோதல் ஏற்பட்டு, கூடியிருந்தவர்கள் ‘ஆல்ரைட்’டின் ஹூக்கைக் கோஷமாக எழுப்பினார்கள், அதற்குப் பிறகு பல ஊர்ப் போராட்டங்களில் அது ஒலித்தது. மார்ச் மாதம் எழுதிய எந்த விமர்சனத்துக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. ஒபாமா அந்த வருடத்தின் தன் அபிமானப் பாட்டாகச் சொன்னது ‘ஹவ் மச் எ டாலர் காஸ்ட்’. 2016 கிராமியில் சிறந்த ராப் ஆல்பம் விருது கிடைத்தது, வருடத்தின் சிறந்த ஆல்பம் விருது டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘1989’க்குப் போனது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. டேவிட் போவியின் கடைசி ஆல்பமான ‘பிளாக்ஸ்டார்’ பதிவானபோது தாங்கள் கென்ட்ரிக்கை நிறையக் கேட்டதாக அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்லியிருக்கிறார். ஒரு ராப் ஆல்பம் ராக் ஜாம்பவானின் ஸ்டூடியோ வரை போய்ச் சேர்ந்ததைக் கவனியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லையா? தாராளமாகப் பிடிக்காமல் இருக்கட்டும், ஆனால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் உங்களை விட்டுப் போனது என்று சொல்லுங்கள். பிடித்துப்போனவர்கள் 2016 மார்ச்சில் வந்த ‘அன்டைட்டில்ட் அன்மாஸ்டர்ட்’டுக்குப் போங்கள், அந்தக் காலகட்டத்துப் பதிவுகளில் ஆல்பத்தில் சேராமல் நின்றவை அதில் இருக்கின்றன, மெருகு குறைவு, ஜாஸ் இன்னும் பச்சையாக இருக்கும். துணிச்சல் இருந்தால் ஆன்ட்ரே 3000-இன் ‘நியூ ப்ளூ சன்’னையும் (2023 நவம்பர்) எடுங்கள்: அவுட்காஸ்ட் ராப் குழுவின் அந்த மகா ராப்பர் ஒரு வரிகூட ராப் பண்ணாமல் முழுக்கப் புல்லாங்குழல் வகைக் கருவிகளை ஊதியிருக்கிறார், ராப் ஆல்பம்தான் செய்ய நினைத்தேன் என்று முதல் பாட்டின் தலைப்பிலேயே சொல்லியும் விடுகிறார். கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டு வரியை எழுதி வைக்க மறக்காதீர்கள், அந்த ஆல்பத்துக்கு அது கட்டாயம் தேவைப்படும்.