எந்நேரமும் பசி என்று கத்தும் பூனைக்குட்டி: எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

பாக்கெட் சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், கருப்பி எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். வந்த வேகத்தில் என் காலைப் பற்றிக்கொண்டு முழங்கால் வரை ஏறுவாள். தட்டைக் கீழே வைத்ததும் மூக்கு முழுக்க உள்ளே விட்டு, தொண்டைக்குள் உறுமிக்கொண்டே தின்பாள். தட்டை நக்கி, அதை ஒரு சுற்று தள்ளிப் பார்த்து, அடியில் ஏதும் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து மறுபடி கத்துவாள். அரை மணி நேரத்தில் திரும்பவும் சமையலறை வாசலில் நிற்பாள். அப்போது அவளுக்கு 9 வாரம்.

"ரொம்பத் தின்கிறது, குறைத்துக் கொடு" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் குறைத்துப் பார்த்தேன். அது தவறு. வளரும் குட்டிக்கு மொத்த அளவைக் குறைக்கக் கூடாது. முதலில் காரணம் என்னவென்று பார்க்க வேண்டும், அப்புறம் கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

படி 1: எடை பாருங்கள்

குட்டியின் கத்தலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எடை உண்மையைச் சொல்லிவிடும். சமையலறைத் தராசு ஒன்று போதும். அதன் மேல் ஆழமான பாத்திரத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குட்டியை உள்ளே விடுங்கள். இரண்டு நொடிதான் உட்காரும், அதற்குள் பார்த்துவிடலாம். அசைந்துகொண்டே இருந்தால் மூன்று முறை பார்த்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, சாப்பாட்டுக்கு முன், அதே நேரத்தில் பார்ப்பது நல்லது.

பிறக்கும்போது ஒரு குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். முதல் நான்கு மாதங்களில் மாதத்துக்கு 450 கிராம் கூடும் என்பது எளிதாக நினைவில் நிற்கும் கணக்கு. அதாவது 2 மாதத்தில் 900 கிராம் அளவில் இருக்கும். வாரத்துக்கு 70 முதல் 100 கிராம் ஏறினால் உங்கள் குட்டி நன்றாக வளர்கிறது. அப்படி ஏறும் குட்டி கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. சில மாதங்களில் பல மடங்காக வளரும் உடம்பு, கேட்கத்தான் செய்யும்.

கருப்பி 720 கிராம்தான் இருந்தாள். அவ்வளவு தின்றும் எடை பின்தங்கியிருந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

படி 2: புழு இருக்கிறதா என்று பாருங்கள்

ஓயாத பசி, ஏறாத எடை, உப்பிய வயிறு, மேலே தடவினால் கையில் தட்டும் முதுகெலும்பு. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் முதலில் குடற்புழுவைச் சந்தேகப்படுங்கள். உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். அதனால் "வீட்டை விட்டு வெளியே போகவே இல்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. தெள்ளுப்பூச்சி உள்ள குட்டி தன்னை நக்கும்போது அதை விழுங்கினால் நாடாப்புழுவும் வரும். மலத்திலோ வாலடி முடியிலோ அரிசி மணி போல ஒட்டியிருப்பது அதன் துண்டுதான்.

குட்டிகளுக்குப் பொதுவாக 3 வார வயதிலிருந்து 2 வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுப்பார்கள். பால் மறந்த பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, எல்லா மருந்தும் எல்லாப் புழுவுக்கும் வேலை செய்யாது. எனவே பெரிய பூனைக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். மலத்தையும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போனால், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளையும் பார்த்துச் சொல்வார்.

கருப்பிக்கு மருந்து கொடுத்த மறுநாளே புழுக்கள் வெளியே வந்தன. அடுத்த வாரத்திலிருந்து எடை ஏறத் தொடங்கியது. பசி குறைந்ததா? இல்லை. கத்தல் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் இப்போது அது வளர்ச்சிக்கான பசி.

படி 3: ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

கண் அளவில் கொடுத்தால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒரே ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள். 1 கிலோ எடையுள்ள பூனைக்குச் சும்மா படுத்திருக்கவே நாளைக்கு 70 கிலோகலோரி வேண்டும். வளரும் குட்டிக்கு அதைப்போல இரண்டரை மடங்கு தேவை, அதாவது 175. உங்கள் உலர் உணவுப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 400 கிலோகலோரி என்று போட்டிருந்தால், நாளைக்கு 44 கிராம் வரும். எடை இரட்டிப்பானால் உணவும் அப்படியே இரட்டிப்பாகாது. 2 கிலோவில் அந்த 70 என்பது சுமார் 118 ஆகும். இது தொடக்கக் கணக்குதான். எடையும் விலா எலும்பும் சொல்வதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். விலாவை லேசாகத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

பாக்கெட்டில் "வளரும் குட்டிகளுக்கான முழுமையான உணவு" என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நாய் உணவு ஆகவே ஆகாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

எப்போதும் பசிக்கும் குட்டிக்கு ஈர உணவையும் சேர்ப்பது என் விருப்பம். உலர் உணவில் நீர் சுமார் 10 சதவீதம்தான், ஈர உணவில் 75-க்கும் மேல். அதே கலோரிக்குத் தட்டில் அதிகம் இருக்கும், வயிறும் நிறையும்.

படி 4: பல வேளையாகப் பிரியுங்கள்

இதுதான் பெரிய மாற்றம் தந்தது. குட்டியின் இரைப்பை சின்னது, ஒரே நேரத்தில் நிறையக் கொடுத்தால் அவசரமாக விழுங்கி வாந்தி எடுக்கும். 3 மாதம் வரை நாளைக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதற்குப் பிறகு 2 வேளை என்று வைத்துக்கொள்ளலாம். காலையிலேயே அன்றைய அளவை எடைபோட்டு ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். "நான் இன்னும் கொடுக்கவே இல்லையே" என்று மூன்று பேர் மூன்று முறை கொடுப்பது இப்படித்தான் நின்றது.

விழுங்கும் குட்டிக்கு அகலமான தட்டையான தட்டில் மெல்லியதாகப் பரப்பிக் கொடுங்கள். இரண்டு குட்டிகள் இருந்தால் தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். கூடப்பிறந்தவையோடு போட்டி போட்டு வளர்ந்தது, பக்கத்தில் ஒரு வாய் தெரிந்தாலே வேகமாகத் தின்னும்.

படி 5: முதலில் விளையாட்டு, பிறகு தட்டு

பூனை வேட்டையாடும், பிடிக்கும், தின்னும், தன்னை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். இந்த வரிசை அதன் உடம்பிலேயே ஊறியது. ஆகவே வேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் கயிற்று நுனியில் இறகு கட்டி ஓடவிடுங்கள், கடைசியில் பிடிக்க விடுங்கள், உடனே தட்டை வையுங்கள். இரவு கடைசி வேளையை இப்படிக் கொடுத்தால் விடியற்காலையில் உங்கள் முகத்தில் கை வைத்து எழுப்புவது குறையும்.

கத்தும் அந்த நொடியில் மட்டும் தட்டை வைக்காதீர்கள். கத்தினால் கிடைக்கும் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அவ்வளவுதான். வாயடங்கும் வரை காத்திருந்து, பிறகு கொடுங்கள். இதை எழுதுவது சுலபம், அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் உலர் உணவை அட்டைக் குழாய்க்குள் போட்டு உருட்டி எடுக்க விடுவதும் உதவும்.

எதைக் கொடுக்கக் கூடாது?

பசிக்கிறதே என்று பசும்பால் ஊற்றாதீர்கள், பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எதுவும் வேண்டாம். தின்பண்டம் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

வாரக்கணக்கில் எடை ஏறாவிட்டால், வயிற்றுப்போக்கு ஒரு நாளைத் தாண்டினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஈறு வெளுத்திருந்தால், மணலைத் தின்றால் காத்திருக்காதீர்கள். இவை எல்லாவற்றையும் விட அவசரமானது, எப்போதும் கத்தும் குட்டி திடீரென்று தட்டைத் திரும்பிப் பார்க்காமல் சுருண்டு படுப்பது. சின்னக் குட்டிக்குச் சாப்பாடு நின்றால் ரத்தச் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். அன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.

கருத்தடைக்குப் பிறகு

கருத்தடை அறுவை சிகிச்சை ஆனதும் பசி கூடும், உடலின் தேவையோ குறையும். அதுவரை அளவைக் குறைக்காதே என்று சொன்ன நான், இங்கே மட்டும் மாற்றிச் சொல்கிறேன்: அறுவை முடிந்த வாரத்திலிருந்தே எடையைக் கவனித்து, மருத்துவரைக் கேட்டு, டப்பாவின் அளவை மெல்ல மாற்றுங்கள். கருப்பிக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. டப்பாவும் தராசும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பாக்கெட் சத்தம் கேட்டால் இப்போதும் ஓடி வருவாள், காலில் ஏறுவதில்லை.