வார இறுதியில் ஊருக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு, கோவை, சென்னை போன்ற நகரங்களிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களுக்குக் குழந்தைகளோடு இரண்டு நாள் வந்து போகும் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் வருகிறவர்களின் வசதியை மட்டுமே கணக்கில் கொள்கிறது. வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியின் உணவு நேரமும் மாத்திரை நேரமும் உறக்கமும் அதில் இடம்பெறுவதில்லை. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலாவது, வெள்ளிக்கிழமை மாலை புறப்படுவது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான் என்றாலும், அன்று மாலை எலெக்ட்ரானிக் சிட்டியையும் அத்திப்பள்ளியையும் ஓசூரையும் கடப்பதற்குள்ளேயே பொழுது போய்விடும். ‘இதோ வந்துவிட்டோம்’ என்று நாம் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அங்கே பாட்டி தம் சாப்பாட்டையும் சர்க்கரை மாத்திரையையும் தள்ளிப்போட்டுக்கொண்டே விழித்திருப்பார். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் காலை உணவுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். கோவை, ஈரோட்டுப் பக்கம் திரும்புகிறவர்கள் ஞாயிறன்று தொப்பூர் கணவாயை இருட்டுவதற்கு முன் கடந்துவிடுவது நல்லது. சேலம் நோக்கிய அந்த இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகளால் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன.

பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்று அஞ்சி, வந்த அன்றே ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கர்நாடக அணைகள் திறக்கப்பட்டு நீர்வரத்து கூடினால், பரிசல் இயக்கவும் குளிக்கவும் தடை விதிக்கப்படும் என்பதைப் பாராமல் வாக்குக் கொடுத்துவிட்டு அழுகையைச் சமாளிப்பவர்கள் உண்டு. தடை இல்லாத நாளிலும், மூட்டுவலியுள்ள பெரியவர்கள் வீட்டிலேயே தங்கிவிட, களைத்துத் திரும்பும் பேரப்பிள்ளைகள் உடனே உறங்கிவிடுகிறார்கள். சுற்றுலாவுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமே.

தண்ணீர் விஷயத்தில் அக்கறை தலைகீழாக இருக்கிறது. இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. பிள்ளைகளுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கி வருகிறோம். ஆனால் ஃபுளோரைடின் தீங்கு, நெடுங்காலம் குடிப்பதால் பல்லையும் எலும்பையும் மெல்ல மெல்லத் தாக்குவது. இரண்டு நாளில் நேர்வதன்று. ஆண்டு முழுவதும் அதைக் குடிப்பவர்கள் பெரியவர்கள்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் ஊருக்கு வருகிறதா, வந்தும் பழக்கத்தால் ஆழ்துளைக் கிணற்று நீரையே சமையலுக்கும் குடிக்கவும் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டறிந்து, அதைச் சரிசெய்துவிட்டு வருவதே பயனுள்ள அக்கறை.

குழந்தைகளைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு உறவினர் வீட்டுக்கோ உறக்கத்துக்கோ போவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் இப்பகுதியில் ஏராளம். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டைகளின் சரிவு வழுக்குவதால், உள்ளே விழுந்த பிள்ளையால் ஏறி வர முடியாது. ஓடும் ஐந்து வயதுக் குழந்தையின் பின்னால் எழுபது வயதுக்காரரால் ஓட இயலுமா? தோட்டத்துப் பக்கம் போகும்போது பெற்றோரில் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிள்ளை கேழ்வரகுக் களியைத் தொடவில்லை என்றதும் கடையிலிருந்து பரோட்டா வரவழைப்பது, சமைத்தவரை அவர் வீட்டிலேயே அவமதிப்பதாகும். சிறு உருண்டையைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கப் பாட்டியே சொல்லிக் கொடுக்கட்டும். பிடிக்காவிட்டால் வீட்டுச் சோறு இருக்கிறது.

கடைசியாக, பெரியவர்களுக்கு நாம் உடன் இருந்து முடிக்க வேண்டிய வேலைகளை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது. அன்று வங்கி இல்லை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் இல்லை. அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு இயங்கினாலும் புறநோயாளர் பிரிவு வழக்கம்போல் இயங்காது. சில மாதங்களுக்கு ஒரு முறையேனும் வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ விடுப்பு எடுத்து வந்து, கண் பரிசோதனையையும் ஓய்வூதிய வேலையையும் அன்று முடித்துக் கொடுக்கலாம். திங்கட்கிழமை விடுப்பு என்றால் ஞாயிறு மாலை நெரிசலிலும் சிக்க வேண்டியதில்லை.