வடசேரிக்குக் கெம்பு நகை எடுக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் பிள்ளைக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் வைத்திருப்பவர்கள் ஊருக்கு வரும்போது சென்னைக் கடைகளிலேயே நகை செட்டை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே நிறையக் கிடைப்பது செம்பில் வார்த்து முலாம் பூசிய கில்ட் நகை. கையால் தட்டி, கெம்பு என்னும் சிவப்புக் கல் பதித்துச் செய்த கோயில் நகை வேண்டுமென்றால் நாகர்கோவில் வடசேரிக்கே போய்விடுங்கள். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து சுமார் 70 கி.மீ. தூரம், சென்னை எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி ரயிலிலும் போகலாம்.

முதலில் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளியைத் தகடாகத் தட்டி, உருவத்துக்கு வெட்டி, மெல்லிய வெள்ளிப் பட்டையால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குழி கட்டுவார்கள். குழிக்குள் அரக்கு, அதன்மேல் கல். கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, வைத்து அழுத்தி, விளிம்பை மெருகேற்றுவார்கள். ஒரு பதக்கத்தில் இருக்கும் அன்னத்தை உற்றுப் பாருங்கள். கழுத்து வளைவில் போகப் போகச் சிறுக்கும் கற்கள், இறகில் இதழ் வடிவக் கற்கள், வால் அப்படியே கொடியாகச் சுருண்டு பூவில் போய் முடியும். குழிக்கு ஏற்பக் கல்லை ராவி இறக்கியிருப்பதால் ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது. இந்தச் சின்னச் சின்ன வேற்றுமைதான் கைவேலையின் அழகு. வார்ப்பு நகையில் எல்லா இதழும் ஒரே அச்சு.

மாங்காய், முல்லை அரும்பு, தாமரை, மயில், கிளி என்று தோட்டமே இந்த நகைகளில் இருக்கிறது. ஜடையில் ராக்கொடி, பிறை, தாழம்பூ, நாகர், அடியில் குஞ்சலம். தலையில் சூரியன் வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம். ஆர்டர் கொடுக்கும்போதே கொக்கி எந்தப் பக்கம் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முழு செட்டையும் அசலில் எடுக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் பணத்தைத் தலைசாமானிலும் ஒரு நல்ல மாங்காய் மாலையிலும் போடுங்கள். ஒட்டியாணம் வளைந்து நிமிர்ந்து வியர்வையில் ஊறும் நகை, கல் உதிர்வதும் அதில்தான் அதிகம். முழு வெள்ளியில் செய்தால் ஆடுகிற பிள்ளைக்குப் பாரமும் கூட. அதைக் கில்ட்டில் எடுப்பதில் தவறே இல்லை.

ஊரில் கால் வைத்த முதல் வாரமே ஆர்டர் கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் போய் வாங்குங்கள். பெரிய செட் என்றால் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் அரக்கு இறுகுவதற்குள் ரேக்கு ஏறிவிடும், பிறகு கல் ஆடும். அளவை வீட்டிலேயே நூல் பிடித்து எடுத்துப் போங்கள்: ஒட்டியாணத்துக்கு ஆடையின் மேல் இடுப்பளவு, வங்கி என்னும் தோள்வளைக்கு மேல்கைச் சுற்றளவு, நெற்றிச்சுட்டிக்கு வகிட்டிலிருந்து புருவ நடு வரை, ஜடைக்குப் பின்னலின் நீளம். மூக்குக் குத்தாத பிள்ளைக்கு அழுத்தி மாட்டும் நத்து என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வாங்கும்போது நகையைத் திருப்பிப் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். அசலில் வெள்ளித் தகடும் பற்றவைப்பின் தடமும் தெரியும். பொடித் துளைகள் இருந்தால் அது வார்ப்பு. காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள், கலகலத்தால் ஏதோ ஒரு கல் தளர்ந்திருக்கிறது. கல்லின் ஓரத்தை லென்ஸில் பார்த்தால் ரேக்கு அதன்மேல் மடிந்து பிடித்திருக்க வேண்டும். பசை பளபளத்தால் வேண்டாம். கெம்பு பெரும்பாலும் செயற்கைக் கல்தான், அது குறையல்ல. மாணிக்கம் என்று சொல்லி மாணிக்க விலை கேட்டால்தான் எழுந்து வர வேண்டும்.

ஏமாறுவது அதிகம் எடையில்தான். அரக்கும் கல்லும் சேர்ந்த மொத்த எடைக்கு வெள்ளி விலை கொடுக்காதீர்கள். வெள்ளியின் நிகர எடை, அதன் தரம், தங்க ரேக்கு, கல், கூலி ஆகிய ஐந்தையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தருவதில்லை, கார்டு அல்லது வங்கி வழியை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அந்த பில் திரும்பும் வழியிலும் உதவும். பார்க்கிறவர் கண்ணுக்கு இது முழுத் தங்கம். ‘வெள்ளி, தங்க ரேக்கு, கெம்பு’ என்று எழுதியிருந்தால் சுங்கத்தில் பேச்சு சீக்கிரம் முடியும். கனடாவில் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்புவோருக்கு 800 டாலர், பிரிட்டனில் 390 பவுண்ட், ஆஸ்திரேலியாவில் பெரியவருக்கு 900 டாலர் வரை வரியில்லை. அதற்கு மேல் போனால் அறிவித்துவிடுங்கள். கைப்பையில் கொண்டுபோங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றி.

வெயிலில் நிற்கும் காரில் இந்த நகையை விடக் கூடாது, அரக்கு இளகும். சென்டும் ஹேர் ஸ்பிரேயும் அடித்து உலர்ந்த பிறகே அணியுங்கள். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர், சோப்பு, நகைக்கடைகளின் அல்ட்ராசோனிக் தொட்டி மூன்றும் ஆகாது. ரேக்குக்கு அடியில் ஈரம் இறங்கினால் கல் மங்கி, பிறகு கழன்றுவிடும். கழன்ற கல்லைத் தொலைக்காமல் அந்த நகையோடு முடிந்து வையுங்கள். அந்தக் குழிக்கென்று ராவிய கல் அது, அடுத்த பயணத்தில் பட்டறையில் கொடுத்தால் அதையே திரும்பப் பதித்துத் தருவார்கள்.