வரிக்க பிலா ஏன் திடீர்னு பட்டுச்சு
தக்கலை பக்கம் எங்க முற்றத்துல நின்ன பெரிய வரிக்க பிலா (கெட்டிச் சுளை உள்ள பலா மரம்), ஐப்பசி மழை முடிஞ்சதும் இலைகூட உதிராம நின்ன வாக்குல காஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு மாமா செவப்பு கூன்வண்டுன்னாரு, அது தென்னைய தின்னுறது, பிலாவுக்கு வராது. மரத்து மூட்ட, அதாவது அடிய, தோண்டிப் பாத்தா, இன்டர்லாக் கல்லு போட மண்ணடிச்சதுல மூடு ஒன்றரை அடி உள்ள போயிருக்கு, தண்ணி தேங்கி சாக்கடை நாத்தம், வேர்த்தோலு தொட்டாலே உரியுது, உள்ள கறுத்த நாரு மட்டும்தான். பிலாவுக்கு வேர்ல தண்ணி நின்னா ஆகவே ஆகாது, காத்து கிடைக்காம அழுகிரும், மேல தெரியும்போது லேட்டு. செத்தத எழுப்ப முடியாதுல்லா, தடி, அதாவது அடிமரமாவது கதவு செய்ய ஆகும். பக்கத்துல நின்ன அயனிக்கு (அதுவும் பிலா இனத்து மரம்தான்) கல்ல பேத்து, பழைய மண்ணு தெரியுற வரைக்கும் மண்ண கையாலயே மெதுவா எடுத்து, ஓடை வெட்டி தண்ணிய கீழ விளைக்கு (தோப்புக்கு) விட்டேன், இப்போ கொழுந்து விடுது.