துருக்கிய வேற்றுமை உருபுகள்: தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்

ஆங்கிலம் வழியாகத் துருக்கிய மொழி படித்தால் வேற்றுமை உருபு ஒரு பூதமாகத் தெரியும். பள்ளியில் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஒப்பித்தோமே, அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

படி 1: ஒரே சொல்லில் தொடங்குங்கள். எவ் என்றால் வீடு. எவி, வீட்டை. எவெ, வீட்டுக்கு. எவ்தெ, வீட்டில். எவ்தென், வீட்டிலிருந்து. எவின், வீட்டின். (அந்த 'இன்' தற்செயலாகப் பொருந்தியது. இரண்டும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிட வேண்டாம்!)

படி 2: சொல்லின் கடைசி உயிரைப் பாருங்கள். எ, இ இருந்தால் 'தெ', 'தென்'. அ, ஒ, உ இருந்தால் 'த', 'தன்'. ஒகுல் என்றால் பள்ளி. பள்ளியில் என்பது ஒகுல்த, பள்ளியிலிருந்து என்பது ஒகுல்தன். 'ஐ', 'இன்' இரண்டுக்கும் நாலு நாலு வடிவம் உண்டு. அவை பழகப் பழக வரும்.

படி 3: உயிரில் முடியும் சொல்லா? 'ஐ', 'கு' சேரும்போது நடுவில் யகரம் வரும். அரப (கார்) + அ = அரபய, காருக்கு. மழை + ஐ = மழையை ஆவது போலத்தான். நம் உடம்படுமெய்!

படி 4: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன், ஏதோ ஒரு புத்தகம். 'கிதாபு ஒகுதும்' என்றால் புத்தகத்தைப் படித்தேன், நீங்களும் நானும் அறிந்த அந்தப் புத்தகத்தை. 'ஐ' இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். இதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். கடைசி 'பு'வை உதடு குவிக்காமல், 'காசு' என்பதன் உகரம் போலச் சொல்லுங்கள். 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது இந்த ஒலிக்குப் புள்ளியில்லாத 'ı' எழுத்தை வைத்தார்கள். நம்மிடம் அது குற்றியலுகரம்.

படி 5: அடுக்குங்கள். எவ் + லெர் + இமிஸ் + தென்: வீடு, கள், எங்கள், இலிருந்து. பன்மை முன்னால், உருபு கடைசியில். 'எங்கள்' மட்டும் நடுவில் புகுந்துகொள்ளும்.

சரி, சறுக்கும் இடம் எது? வினைச்சொல். நாம் பஸ்ஸில் ஏறுகிறோம். அவர்கள் பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள். நாம் நாயைக் கண்டு பயப்படுகிறோம். அவர்கள் நாயிலிருந்து பயப்படுகிறார்கள். அதனால் நோட்டில் வினையை எழுதும்போதே பக்கத்தில் அதன் உருபையும் எழுதி வையுங்கள்.