டர்பன் பக்கம் கரும்பு வெட்டும் போட்டி நடத்த விரும்பும் மன்றங்களுக்கு

உடலுழைப்பைப் போட்டியாக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நம் மன்றங்களுக்குப் பொருந்துவது, 2020இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ் தொடங்கிய ‘டஃப் அஸ் நெயில்ஸ்’. பில் கியோகன் நடத்திய அதில் போட்டியாளர்கள் நிஜ வேலையிடங்களில் நிஜ வேலை செய்தார்கள். தனிப்போட்டியில் தோற்றவரும் வீட்டுக்குப் போகாமல் அணிக்காகத் தொடர்ந்து உழைத்தார். இந்த இரண்டு விதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை எது என்று தேட வேண்டியதில்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து நம்மவர்களை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவந்ததே கரும்புக்காகத்தான்.

பொங்கலை ஒட்டி வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். ஜனவரியில் டர்பன் புழுக்கம் பழகாத உடம்பைச் சாய்த்துவிடும், சர்க்கரை ஆலையும் ஓடாது. ஜூலையில், காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். வெருலம், டொங்காட் பக்கத்து விவசாயியிடம், ஆலைக்கு லாரி போகிற நாளைக் கேட்டு அதற்கு ஏற்றாற்போல் தேதி குறியுங்கள். வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்கச் சர்க்கரை குறையும். அந்த நட்டம் அவர் தலையில் விழக் கூடாது.

சாயாமல் நிமிர்ந்து நிற்கும் ஒரே ரகக் கரும்பாகக் கேளுங்கள். பழகாதவருக்கு 10 மீட்டர் நீளத்தில் ஒரு வரிசை போதும். வரிசை இடைவெளி 1.2 மீட்டர், விளைச்சல் ஹெக்டேருக்கு 65 டன் என்றால் அது ஏறக்குறைய 78 கிலோ. 20 நிமிடம் கொடுங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் குறைந்தது 5 மீட்டர் விடுங்கள். கெட்டியான பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே காப்பு, கையுறை, கண்ணாடி ஆகிய நான்கும் இல்லாதவரை வயலில் இறக்காதீர்கள். தோகை நுனி கண்ணில் குத்திவிடும்.

வெட்டும் முறையை முந்தின வாரமே பழக்குங்கள். இடது கையால் கரும்பை இடுப்புயரத்தில் பிடித்து, லேசாகத் தள்ளிச் சாய்த்து, மண்ணை ஒட்டி ஒரே வீச்சு. கத்தி காலைவிட்டு விலகிப் போக வேண்டும். பிறகு கரும்பைத் தூக்கி, சோகை என்னும் காய்ந்த இலைகளைச் சீவி, கொழுந்தாடை என்னும் நுனிப் பகுதியைத் தறித்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் அடி பார்த்து அடுக்க வேண்டும். களைத்ததும் பிடித்த கை தானாகக் கீழே இறங்கும். விரல் வெட்டுப்படுவது அப்போதுதான். கை இறங்கினால் நடுவர் உடனே நிறுத்தச் சொல்லலாம் என்பதை விதியாக வையுங்கள். கத்தி மழுங்கினால் இரண்டு மூன்று வெட்டு விழும், அடிக்கட்டை பிளக்கும், அதிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புப் பயிர் கெடும். அரத்தை ஆளுக்கொன்று கொடுங்கள். ஒரு வயலில் ஓடிய கத்தி அடுத்த வயலுக்கு மறுதாம்புக் குட்டை நோயைக் கொண்டுபோகும். ஆகவே வயலில் இறங்கும் முன் விவசாயி பயன்படுத்தும் கிருமிநாசினியில் கத்தியைத் தோய்த்தெடுங்கள்.

வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் போட்டி கெட்டுவிடும். 3 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு கட்டைக்கும் 10 விநாடி, கொழுந்தாடையோடு அடுக்கிய ஒவ்வொரு கரும்புக்கும் 5 விநாடி கூட்டுங்கள். சர்க்கரை மிகுந்திருப்பது அடியில். கொழுந்தில் அது குறைவு, ஆலையில் சர்க்கரை படிகமாவதையும் அது கெடுக்கும். இந்தக் கணக்கைப் போட, இன்றைக்கும் கரும்பு வெட்டிப் பிழைக்கும் ஒருவரை நடுவராக அழையுங்கள். அவருக்கு ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது சரியில்லை. அவர் பேசுவது ஜூலு என்றால், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். தலைசுற்றல், வாந்தி என்றால் அவருக்கு அன்றைய போட்டி முடிந்தது. நிழலில் படுக்க வைத்து உடம்பை நனையுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மதியத்துக்கு முன் அணிப்போட்டி: தோற்றவர்களும் சேர்ந்து, வெட்டிய அத்தனையையும் டிரெய்லரில் ஏற்ற வேண்டும். வண்டி கிளம்புமுன் கத்திகளை எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் சோகையைக் கிளறித் தேடி எடுத்த பிறகே வயலைவிட்டு வெளியேறுங்கள்.